சமைக்கும் கையை அளந்தவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில், 1980-களில் இலங்கையிலிருந்து அகதிகளாகச் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். அந்த வீட்டு அக்காவுக்கு வலது மணிக்கட்டில் பழைய முறிவு ஒன்று உண்டு. அந்தக் கையால் எதையும் அழுத்திப் பிடிக்க அவரால் இயலாது. ஒரு நாள் காலையில் அவர் தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தார். இடது கை அகப்பையைச் சுழற்றியது. கிண்ணத்தை எந்தக் கையும் பிடிக்கவில்லை. ஆனாலும் அது மேசையில் ஒட்டிவைத்ததுபோல நின்றது. நான் பிடித்துக்கொள்ளவா என்று கேட்டேன். “வேண்டாம் தம்பி, அது அசையாது. அடியில ரப்பர் இருக்குது, பாருங்கோ” என்றார். நாட்டுக்கு வந்த புதிதில், பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில் வாங்கிய கிண்ணமாம் அது.

கிண்ணத்தைக் கழுவும்போது திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் விரல்கள் பற்றிக்கொள்ளத் தோதான பிடி. நேர் எதிர்ப்பக்கம் மாவைச் சிந்தாமல் ஊற்றுவதற்கான மூக்கு. அடியில் ஒரு ரப்பர் வளையம். கிண்ணத்தைச் சாய்த்து வைத்தாலும் அந்த வளையம் வழுக்கவிடாது. டேனிஷ் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கிவரும் ‘மார்கரெத்தே’ கிண்ணம் அது என்பதைப் பிறகு அறிந்தேன்.

டேனிஷ் சமையலறைப் பொருள்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவற்றின் தோற்றத்தையே பேசுகிறார்கள்: வெள்ளை நிறம், நேர்க்கோடு, அலங்காரமின்மை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சாப்பாட்டு மேசை. அந்த அழகை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு எனக்கு ஏற்பட்ட எண்ணம் வேறு. இப்பொருள்களின் ஈர்ப்பு அவற்றின் எளிமையில் மட்டும் இல்லை. சமைப்பவரின் கை என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது, எங்கே சுடுகிறது என்று ஒருவர் உட்கார்ந்து கவனித்திருக்கிறார் என்பதில்தான் அது இருக்கிறது.

அரண்மனையிலிருந்து அடுக்களைக்கு

டேனிஷ் மேசைப் பாத்திரங்களின் வரலாறு சாமானியரிடமிருந்து தொடங்கியதல்ல. ‘ராயல் கோபன்ஹேகன்’ பீங்கான் ஆலை 1775-இல் அரசி யூலியானே மாரியின் ஆதரவில் நிறுவப்பட்டது. அதன் முத்திரையான மூன்று நீல அலைக்கோடுகள், நாட்டை ஊடறுத்துச் செல்லும் மூன்று நீரிணைகளைக் குறிக்கின்றன. 1790-இல் அரசவை ஆணைப்படி அங்கு தொடங்கப்பட்ட ‘ஃபுளோரா டானிகா’ என்ற விருந்துப் பாத்திரத் தொகுதி, நாட்டின் தாவரங்களைத் தட்டுகளில் வரைந்து காட்டியது. 1802-இல் பணி நிறுத்தப்பட்டபோது 1,802 உருப்படிகள் உருவாகியிருந்தன. அவை அரசர்கள் விருந்தில் உண்பதற்கானவை. அவற்றைக் கழுவித் துடைத்தவர்களைப் பற்றி எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டின் ஒரு கடற்கரை ஊரும் இடம்பெறுகிறது. 1620 முதல் 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்கப்படும்வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. அவர்கள் அவ்வூரை அழைத்த ‘டிராங்கேபார்’ என்ற பெயரிலேயே பிற்காலத்தில் நீலச் சித்திரம் தீட்டிய மேசைப் பாத்திர வரிசை ஒன்றும் கோபன்ஹேகனில் தயாரானது. கீழைக் கடல் வணிகத்தின் நினைவு சாப்பாட்டுத் தட்டுவரை சென்று சேர்ந்திருக்கிறது.

அரண்மனைக்கும் அடுக்களைக்கும் இடையிலான தொலைவை 20-ஆம் நூற்றாண்டு குறைத்தது. மார்கரெத்தே கிண்ணமே அதற்கு நல்ல சான்று. 1954-இல் அதை வடிவமைத்த இருவரில் ஒருவரான சிக்வார்ட் பெர்னடோட், சுவீடன் அரச குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர் டேனியரான ஆக்டன் பியோர்ன். அன்று இளவரசியாகவும் பின்னாளில் அரசியாகவும் இருந்த மார்கரெத்தேயின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவர் பெர்னடோட்டின் சகோதரி மகள். பெயர் அரச குடும்பத்தினுடையது, பொருளோ மெலமைன். அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் தயாரிக்கக்கூடியது, எடை குறைந்தது, எளிதில் உடையாதது. பயனில் அதற்கு எல்லையும் உண்டு: மெலமைன் கிண்ணத்தை அடுப்பிலோ மைக்ரோவேவ் அடுப்பிலோ வைக்கக் கூடாது. மாவு பிசையவும் கரைக்கவும் ஊற்றவும் உரியது அது.

அலமாரியை அளந்த பெண்

இப்படிப்பட்ட கவனம் ஓரிரு மேதைகளின் தனித்திறமையால் மட்டும் வந்ததல்ல. அதன் பின்னால் ஒரு பயிற்சிமுறை இருந்தது. 1924-இல் கோபன்ஹேகன் கலைக் கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்கான துறையைத் தொடங்கிய கோரே கிளிண்ட், வரைவதற்கு முன் அளக்க வேண்டும் என்பதை மாணவர்களிடம் வலியுறுத்தினார். ஓர் அலமாரியை வரையுமுன், அதற்குள் வைக்கப்படும் தட்டுகளும் துணிகளும் எவ்வளவு இடம் கொள்கின்றன என்று அளந்தாக வேண்டும். 1935-இல் டேனிஷ் அரசு வீட்டுப் பொருளியலுக்கென ஓர் ஆலோசனை மன்றத்தையே அமைத்தது. வீட்டு வேலை என்பது ஆராயத் தகுந்த வேலை என்ற எண்ணம் அங்கு அரசின் நடவடிக்கையாகவே மாறியது.

இந்த மரபில் வந்தவர்களுள் நான் முதன்மையாகக் கருதுவது கிரெத்தே மேயரை. 1918-இல் பிறந்த அவர், கட்டடக்கலை பயின்றவர். போர்கே மோகன்செனுடன் சேர்ந்து 1950-களில் அவர் உருவாக்கிய சேமிப்பு அலமாரித் தொகுதி, டேனிஷ் வீடுகளில் என்னென்ன பொருள்கள் எத்தனை இருக்கின்றன, அவற்றின் அளவுகள் என்ன என்ற கணக்கெடுப்பின்மீது எழுந்தது. நாட்டின் கட்டட ஆராய்ச்சி நிலையத்திலும் அவர் பணியாற்றினார்.

பாத்திரங்களுக்கு வந்தபோதும் அந்தக் கணக்கை அவர் மறக்கவில்லை. இப்போ டிரியர் மோர்க் என்ற மற்றொரு பெண் வடிவமைப்பாளருடன் சேர்ந்து உருவாக்கிய கண்ணாடிக் குவளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்கவை. 1965-இல் ராயல் கோபன்ஹேகனுக்காக அவர் வடிவமைத்த ‘நீல விளிம்பு’ வரிசையில் சித்திர வேலை ஏதுமில்லை. வெண்மை, விளிம்பில் மெல்லிய நீலக் கோடு, அவ்வளவே. அந்த ஆலையின் புகழ்பெற்ற பழைய நீலப் பூக்கோலத் தட்டு ஒன்றுக்கு 1,197 தூரிகைத் தீற்றல்கள் தேவை என்று நிறுவனம் சொல்வதுண்டு. அதே ஆலையில், ஒரே கோட்டோடு நிறுத்திக்கொள்ளும் துணிவு மேயருக்கு இருந்தது. சிறிய அலமாரியில் அடுக்குவதற்கும், அன்றாடம் எடுத்துப் புழங்குவதற்குமான வரிசை அது.

அடுப்பிலிருந்து மேசைக்கு

போருக்குப் பிந்தைய டேனிஷ் வீடுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வசதியான வீடுகளில்கூடப் பணிப்பெண்கள் அரிதானார்கள். 1960-களில் இல்லத்தரசிகள் பெருமளவில் வெளி வேலைக்குச் செல்லத் தொடங்கினார்கள். சமைப்பதற்கு ஒரு பாத்திரம், பரிமாறுவதற்கு இன்னொரு பாத்திரம், இரண்டையும் கழுவுவதற்கு ஓர் ஆள் என்ற பழைய ஏற்பாடு குலைந்தது. அடுப்பில் இருக்கும் பாத்திரமே மேசைக்கு வரவேண்டும். அதே சமயம் மேசைக்கு வரும் அழகும் அதற்கு இருக்க வேண்டும் என்ற தேவை பிறந்தது.

இதற்கு யென்ஸ் குவிஸ்ட்கோர் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. கோபன்ஹேகனில் அவர் செய்த, தேக்குக் கைப்பிடியும் எவர்சில்வரும் இணைந்த கரண்டித் தொகுதியைக் கண்ட அமெரிக்கத் தம்பதியர் ஒருவர், அவரைத் தேடிச் சென்று 1954-இல் அவருடைய வடிவங்களை விற்பதற்காக ‘டான்ஸ்க்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அதற்காக அவர் 1950-களின் நடுவில் வடிவமைத்ததே ‘கோபன்ஸ்டைல்’ பாத்திர வரிசை. எஃகுத் தகட்டின்மீது எனாமல் பூச்சு. ஆகவே வார்ப்பிரும்புச் சட்டிகளைவிட எடை குறைவு. அதன் மூடியில் குமிழ் கிடையாது. சிலுவை வடிவில் தட்டையான பிடி உண்டு. மூடியைக் கழற்றிக் கவிழ்த்து மேசையில் வைத்தால் அதுவே பிரிமணை. சூடான பாத்திரத்தை அதன்மேல் இறக்கிவைக்கலாம். கையில் கொதிக்கும் சட்டியோடு, “எதன்மேல் வைப்பது?” என்று தேடித் திகைத்து நின்ற ஒருவரை அவர் கட்டாயம் பார்த்திருக்க வேண்டும், அல்லது அந்த ஒருவர் அவராகவே இருந்திருக்க வேண்டும்.

மேயர் 1976-இல் உருவாக்கிய ‘இல்ட்பொட்’ இன்னும் ஒரு படி சென்றது. நெருப்புச் சட்டி என்பது அதன் பொருள். வெப்ப மாற்றத்தைத் தாங்கும் சுடுமண் கலவையால் ஆன அந்தப் பாத்திரத்தை உறைபெட்டியிலிருந்து எடுத்து நேரே சூட்டடுப்பில் வைக்கலாம்; அங்கிருந்து மேசைக்குக் கொண்டுவரலாம். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் பெண்ணின் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பாத்திரம் அது.

குவிஸ்ட்கோரின் கைப்பிடிகளிலும் கிண்ணங்களிலும் காணும் தேக்கு டென்மார்க்கில் விளைவதல்ல. 1897-இல் தொடங்கப்பட்ட டேனிஷ் கீழ்த்திசைக் கம்பெனி, சயாம் நாட்டுக் காடுகளிலிருந்து தேக்கைக் கொண்டுசென்றது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘டீக்’, ‘டெக்கா’ என்ற சொற்களும் நம் ‘தேக்கு’ என்ற திராவிடச் சொல்லின் வழிவந்தவையே. வடநாட்டு வடிவமைப்பு என்று போற்றப்படும் ஒன்றின் மரமும் அந்த மரத்தின் பெயரும் கீழைநாடுகளிலிருந்து சென்றவை.

உடைந்தால் என்ன செய்வது?

தோற்றத்திலிருந்து தொடங்கியவர்களும் இருந்தார்கள். ஆர்னே யாகப்சன் 1957-இல் வடிவமைத்த கரண்டிகள் அவர் உருவாக்கிய கோபன்ஹேகன் விடுதிக்காகத் தயாரானவை. 1968-இல் வெளியான ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளித் திரைப்படத்தில் எதிர்கால மனிதர்கள் உண்ணும் கரண்டிகளாகவும் அவை தோன்றின. அந்தத் தொகுதியில்கூட இடக்கைப் பழக்கமுள்ளவருக்கென்று தனி சூப் கரண்டி இருந்தது. ‘ஸ்டெல்டன்’ நிறுவனத்துக்காக 1967-இல் அவர் தந்த உருளை வடிவ எவர்சில்வர் வரிசை, காகிதத்தில் எளிதாகத் தோன்றினாலும் தொழிற்சாலையில் எளிதாக இல்லை. பிசகில்லாத உருளையைத் தகட்டில் உருவாக்கப் புதிய இயந்திரங்களும் புதிய பற்றவைப்பு முறையும் தேவைப்பட்டன.

யாகப்சன் 1971-இல் மறைந்த பின் அதே நிறுவனத்துக்கு எரிக் மேக்னுசன் 1977-இல் ஒரு பிளாஸ்க் வடிவமைத்தார். அதன் மூடியைத் திருகித் திறக்க வேண்டியதில்லை. சாய்த்தால் தானே திறக்கும். நிமிர்த்தினால் தானே மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குடுவை உடைந்துபோனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் எவர்சில்வரில் வந்தது, பிறகு பிளாஸ்டிக்கில் பல நிறங்களில், விலை குறைந்து பரவியது. ஒரு கையில் குழந்தையை வைத்திருப்பவரும் மறு கையால் காபி ஊற்றலாம் என்பது எனக்கு அதன் முதல் சிறப்பாகத் தோன்றுகிறது. உடைந்த உறுப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பது அதற்கு இணையான சிறப்பு.

விலைச் சீட்டு சொல்லாதது

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் நல்ல பொருள் என்ற எண்ணத்தில் பிறந்த பல வடிவங்கள் இன்று வசதி படைத்தவர்களின் அடையாளமாகியிருக்கின்றன. மேசையில் புழங்க வேண்டிய தட்டு, கண்ணாடி அலமாரியில் காட்சிப் பொருளாகிறது. ‘டேனிஷ்’ என்ற சொல்லின் பொருளும் மாறியிருக்கிறது. ராயல் கோபன்ஹேகனின் நீலக் கோலத் தட்டுகள் இன்று பெரும்பாலும் தாய்லாந்துப் பெண்களின் கைகளால் தீட்டப்படுகின்றன. அந்நிறுவனமும் ‘கியோர்க் யென்சன்’ வெள்ளிப் பட்டறையும் பின்லாந்து நிறுவனம் ஒன்றின் வசம் உள்ளன. தாய்லாந்தில் தீட்டுவதால் கைவேலை தாழ்ந்துவிடுவதில்லை. ஆனால், வாங்குபவர் பெரும்பகுதி விலையைப் பெயருக்கே தருகிறார் என்பது தெளிவு. வெள்ளை நிறத்தையும் நேர்க்கோட்டையும் மட்டும் நகலெடுத்து ‘ஸ்காண்டிநேவியன்’ என்று விற்கும் மலிவுப் பொருள்களும் ஏராளம். அவற்றில் தோற்றம் இருக்கும். அளந்து பார்த்த கவனம் இருக்காது.

ஆகவே, இம்மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பொருளைவிட, அதை மதிப்பிடும் முறையே என்பது என் கருத்து. ஒரு பாத்திரத்தை வாங்குமுன் சில கேள்விகள் போதும். நிறைந்திருக்கும்போது இதை ஒரு கையால் தூக்க முடியுமா? ஊற்றும்போது வெளிப்பக்கம் வழியுமா? சுடும்போது எங்கே பிடிப்பது? அடுக்கினால் எவ்வளவு இடம் கொள்ளும்? பிடியோ மூடியோ போனால் அதை மட்டும் மாற்றலாமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் பாத்திரம் எந்த ஊர்ப் பட்டறையில் தயாரானாலும் நல்ல பாத்திரமே. விடை சொல்லாதது எத்தனை விருது பெற்றிருந்தாலும் அலமாரிக்குத்தான் உரியது. இந்தக் கேள்விகளை வாங்குபவர் கேட்பதைவிட, செய்பவர் சமைப்பவரிடம் சென்று கேட்பதே முறை. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கச் செல்லும்போது, அன்றாடம் அதைத் தூக்கி இறக்கப்போகும் கைக்கு உரியவரிடம் எத்தனை பேர் கேட்கிறோம்? நான் என் தாயாரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கைப்பிடியில்லாத பாத்திரங்களைத் துணி கொண்டு இறக்கியே அவர் காலம் கழிந்தது.

நான் ஹெர்னிங்கிலிருந்து புறப்படும் நாளில் அக்காவின் மகள் புதிய கிண்ணத் தொகுதி ஒன்றைக் கொண்டுவந்தாள். பார்வைக்கு மிக அழகானவை. அக்கா மகிழ்ச்சியோடு வாங்கி அவற்றை மேல் அடுக்கில் வைத்தார். மறுநாளைக்கான மாவைக் கரைக்க, நிறம் மங்கிய பழைய கிண்ணத்தையே கீழே எடுத்தார்.