கம்பியும் உரிமமும்



தெஹியோவிட்டைத் தோட்டமொன்றின் லயத்தில் நான் சிறுவனாயிருந்த காலத்திலே, தொலைபேசி மணி துரை பங்களாவிலும் கந்தோரிலும் மட்டுமே ஒலித்தது. பாட்டனார் காலமான செய்தி தந்தியாக எம்மை அடைந்தபோது ஈமக்கிரியைகள் முடிந்திருந்தன. அத்தாமதத்துக்குச் சரித்திரக் காரணம் உண்டு.

1858ஆம் ஆண்டிலே கொழும்பையும் காலியையும் தந்திக் கம்பி இணைத்தது. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே கொழும்பிலே தொலைபேசியும் வந்தது. பின்னர் அது அரசாங்கத்தின் ஏகபோகமாயிற்று. கம்பி வணிகத்தைத் தொடர்ந்து சென்றது. இணைப்புக் கோரியோர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர்.

1989இல் செல்டெல் நிறுவனம் தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவையைக் கொழும்பில் ஆரம்பித்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், சேவை நடத்துவதையும் அதனை ஒழுங்குபடுத்துவதையும் வேறாக்கியது, திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1996இல் சன்டெல், லங்கா பெல் ஆகிய நிறுவனங்கள் கம்பியின்றி வீட்டிணைப்பு வழங்க உரிமம் பெற்றன. அவ்வாண்டிலேயே ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் உருவாயிற்று. மறு ஆண்டில் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 சதவீதப் பங்குகளை ஜப்பானிய நிறுவனம் ஒன்று வாங்கியது.

போட்டியினால் காத்திருப்புக் குறைந்தது. கம்பி ஏறாத லயத்துக்கும் கைத்தொலைபேசி வந்தது. ஆயினும், 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலை தேடிக் குன்றேறிப் படித்த மாணவர் இந்நாட்டில் இருந்தனர்.

யார் சேவையை விற்கலாம் என்பதை உரிமம் கூறுகிறது. அது யாரைச் சென்றடைய வேண்டும் என்பதையும் உறுதியாகக் கூறுதல் வேண்டும். அன்றுதான் நகரத்தின் வளர்ச்சி நாட்டின் வளர்ச்சியாகும்.