வேத வசனமும் பந்தி வரிசையும்

வேதாகமத்திற்குப் பொருள் உரைப்பது குருமார்க்கே உரிய பணி என எண்ணி நம்மவருள் பலர் ஒதுங்கியிருக்கின்றனர். ஆயின், அதன் பொருள் பற்றிய பெருவழக்கொன்று தமிழ்நாட்டுச் சபைகளில் எழுந்ததே நம் முன்னோரை முன்னிட்டுத்தான்.

நம் மலையடிவாரச் சேலத்தில் இலண்டன் மிஷன் சங்கம் 1827இல் பணி தொடங்கிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1833 சூலையில், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டுமெனச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் அதனை எதிர்த்துச் சபையை விட்டு நீங்கினர். சாதி உலகியல் மரியாதையே, சமயத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பது அவர்தம் வாதம். பெரும்புலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774-1864) அப்பக்கமே நின்றார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தனி இருக்கையும், திருவிருந்தில் முந்திப் பெறும் உரிமையுமே வழக்கின் மையம்.

பந்தியைப் பற்றிய வழக்காதலின் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். தகுதியின்றி உண்போரை எச்சரிக்கும் பகுதியை (27-29) மட்டும் பிரித்தெடுத்து, அதனைத் தனிமனிதனின் அந்தரங்கப் பாவமாகக் கொள்வது பிரசங்க மரபு. 20ஆம் வசனத்திலிருந்து தொடர்ந்து வாசிப்பின் காட்சியே மாறுகிறது. கொரிந்துவில் வசதியுடையோர் முந்தி உண்டனர். இல்லாதோர் பசித்திருந்து நாணினர். பவுல் கடிந்தது அதனையே. பிறர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே 33ஆம் வசனத்தில் அவர் இடும் கட்டளை.

முன்பின் வசனங்களை விடாது வாசித்தலும், எவர்க்கு எந்நிலையில் எழுதப்பட்டது என வினவுதலும் இறையியல் கல்லூரிகள் கற்பிக்கும் நெறிகளே. பந்தியின் கடைசியில் நிறுத்தப்பட்டவன் கையில் அவற்றிற்குக் கூர்மை ஏறுகிறது.

பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981இல் பேராசிரியர் அரவிந்த் பி. நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கங்களுள் ஒன்று. அலைந்து திரிந்த தகப்பனையும், அடிமைப்பட்டுக் கூக்குரலிட்ட மக்களையும் நினைவுகூரும் உபாகமம் 26ஆம் அதிகார அறிக்கையை, அவர் பின்னர் தலித் மக்களின் விசுவாச அறிக்கைக்கு முன்மாதிரியாகக் கொண்டார்.

அவ்வறிக்கையைச் சொல்பவன் தன் நிலத்து முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறான். சேர்வராயன் கோயில் மலையைச் சூழ்ந்த காப்பித் தோட்டங்களில் நம்மவர் சுமப்பதோ பிறர் நிலத்துப் பழம். ஆயினும் 11ஆம் வசனம், நிலமில்லாத லேவியனையும் அந்நியனையும் அவ்விளைவின் மகிழ்ச்சியில் சேர்க்கிறது. இரண்டு அதிகாரங்களுக்கு முன்னரே, கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற சட்டமும் (24:15) எழுதப்பட்டிருக்கிறது.