நெடுந்தீவின் கல்வேலிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில் உள்ள நெடுந்தீவில் காணிகளைப் பிரித்து நிற்பவை இந்த வேலிகள். முருகைக்கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியவை. குடாநாட்டில் வேலி என்றால் கிளுவையும் பூவரசும் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவது வழக்கம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவிலோ மண் மெல்லிய படைதான். அதற்கு மேலேயே கல் கிடக்கிறது. அதைப் பொறுக்காமல் பயிர் வைக்க முடியாது. பொறுக்கியதை எங்காவது போட்டாகவும் வேண்டும். ஆகவே நிலம் திருத்துவதும் வேலி அடைப்பதும் இங்கே ஒரே உழைப்பாயின. மாடும் ஆடும் கட்டாக்காலிக் குதிரைகளும் பயிருக்குள் இறங்காமல் தடுத்தது அந்த உழைப்பே.

இவ்வேலிகளை மரபுச்சொத்து என்று ஏற்கத் தயங்குவோர் சொல்லும் காரணம் வலுவானது: கல்வெட்டு இல்லை, சரிந்த இடத்தை மறுபடி மறுபடி அடுக்கியதால் எந்தப் பகுதி எக்காலத்தது என்று பிரிக்க இயலாது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் முதன்மையாக 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே காக்கிறது. ஆனால் காலத்தைக் கல்லில் தேடுவதுதான் பிழை. இதே தீவில் முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய ஐரோப்பியர் காலக் கோட்டை இடிபாடாகக் கிடக்கிறது. சாந்து உதிர்ந்த சுவரை மீட்க நிபுணர் வேண்டும். சரிந்த கல்வேலியை விழுந்த கல்லைக் கொண்டே காணிக்காரர் எடுத்துக்கட்டிவிடுவார். எந்தக் கல் அடியில் அமர வேண்டும், எது இடைவெளியை அடைக்கும் என்ற அறிவே இங்கு பழமையானது. யுனெஸ்கோ 2018இல் குரோசியா, கிரேக்கம், இத்தாலி உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் சாந்தில்லாக் கல்லடுக்குக் கலையைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டபோது ஏற்றுக்கொண்டதும் இதைத்தான்: தனியொரு சுவரை அல்ல, அடுக்கும் அறிவையும் நுட்பத்தையும்.

பயன் போனபின் வேலியைக் காப்பது வீண்செலவு என்ற மறுப்பும் உண்டு. பயன் போகவில்லை, கால்நடைகள் இன்றும் மேய்கின்றன. குறைந்தது ஆட்கள். போர்க்காலத்தில் பலர் தீவை விட்டு வெளியேறினர். ஆளில்லாத காணியில் சரிந்த வேலி சரிந்தபடியே கிடக்கும். அதனால் அறிவிப்புப் பலகை நடுவதும் சீமெந்து பூசுவதும் பாதுகாப்பு ஆகாது. அடுக்கத் தெரிந்த முதியவர்களுக்குக் கூலி கொடுத்து, இளையவர்களை அவர்களோடு வேலைக்கு விட வேண்டும். பிரதேச சபையும் தொல்பொருள் திணைக்களமும் செலவிட வேண்டியது அதற்கே.