கண்ட செய்தியும் எட்டிய செய்தியும்

போர் வரலாறு கற்போர் படைக்கலங்களின் வலிமையையே பெரிதும் எண்ணுவர். முன்னறிந்த செய்தி உரியாரை உரிய காலத்தில் எய்தியதோ என ஆராய்வார் சிலரே.

1942 ஏப்பிரல் 4 ஆம் நாள், கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானத்தின் தலைவரான கனடா நாட்டு லெனாட் பேர்ச்சல், யப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருதலைக் கண்டார். விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பப்பட்டது; கொழும்பும் அறிந்தது. எனினும் மறுநாட் காலை, உயிர்த்த ஞாயிறன்று, நகுமோவின் விமானங்கள் வந்தபோது இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன்கள் நிலத்திலேயே நின்றன. ஓர் இரவு முழுதும் கையிலிருந்தும் பயன் என்னை? 9 ஆம் நாள் திருகோணமலையிலோ ராடர் முன்னறிவித்தமையால் விமானங்கள் மேலெழுந்து எதிர்த்தன. ஆயினும் துறைமுகத்தை விட்டகன்ற ஹெர்மிஸ், விமானந்தாங்கிக் கப்பலாயிருந்தும் விமானம் ஒன்றேனுமின்றி, மட்டக்களப்புக்கு அப்பால் அமிழ்ந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கற்றலீனாவின் பணியை இன்று செய்மதிகள் ஆற்றுகின்றன. 1960 இல் அமெரிக்கர் விண்ணிலிருந்து படச்சுருளை மீட்ட நாள் முதலாக, கண்காணா நிலம் அருகிற்று. 2009 இல் எம் முல்லைத்தீவுக் கரையோரமும், அங்கு நெருங்கிக் கிடந்த தறப்பாட் கூடாரங்களும் அவ்வாறே படமாயின; ஐக்கிய நாடுகள் நிறுவனத்தாரும் அவற்றை ஆராய்ந்தனர். பதுங்குகுழியிலிருந்த எமக்கு அவ்வாராய்ச்சி எட்டவில்லை. பல்லாண்டு கழித்து அப்படங்களுள் ஒன்றைக் கண்டேன். தென்னைகளை அடையாளங் கண்டேன்; எங்கள் தறப்பாள் எதுவெனத் தெரியவில்லை.