நியமமும் விலகலும்: 1911 ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

நியமக் கிரயவியலை வணிகத்துறை நண்பர்கள் சூத்திரங்களின் தொகுதியாகவே கற்கின்றனர். கலைப்பீட மாணவனான எனக்கோ அச்சூத்திரங்களிலும் பார்க்க அவற்றின் பிறப்பே கவர்ச்சியுடையதாகத் தோன்றுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை தொழிற்சாலைக் கணக்கு பெரும்பாலும் நடந்து முடிந்த செலவையே கூறிற்று. அவ்வளவு செலவாகியிருக்க வேண்டுமா என்ற வினாவை எழுப்பியோர் பொறியியலாளர்களே. அமெரிக்கரான பிரடெரிக் டெயிலர் நிறுத்தற் கடிகாரங் கொண்டு வேலையைக் கூறுகூறாக அளந்தார். ஹரிங்டன் எமர்சன், செலவை முன்கூட்டியே நியமித்து நிகழ்ந்ததை அதனோடு ஒப்பிடுமாறு வலியுறுத்தினார். இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய சார்ட்டர் ஹரிசன் 1911 இல் இவ்வெண்ணத்தை முழுமையான கணக்குமுறையாக்கினார். 1918 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் விலகல்களைப் பகுப்பதற்கான சமன்பாடுகளையுந் தந்தார்.

பகுப்பின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 100 பொருள்களுக்கு 200 கிலோ மூலப்பொருள், கிலோ 50 ரூபா என்பது நியமம் எனக் கொள்வோம்; நியமக் கிரயம் 10,000 ரூபா. உண்மையிற் சென்றதோ 210 கிலோ, கிலோ 48 ரூபாவாக 10,080 ரூபா. மொத்த விலகல் 80 ரூபாவே, எவரும் பொருட்படுத்தார். பகுத்துப் பார்த்தாலோ விலையில் 420 ரூபா சாதகம், பாவனையில் 500 ரூபா பாதகம். மலிவான தரக்குறைந்த சரக்கை வாங்கியமையாற் கழிவு மிகுந்திருப்பின், கொள்வனவு அதிகாரி பாராட்டப்படுவார். பட்டறைத் தொழிலாளியே குற்றஞ் சாட்டப்படுவான். எண்கள் பொய் சொல்லவில்லை. எனினும், எவரை வினவ வேண்டும் என்பதை அவை தாமாகக் கூறுவதில்லை.

கூலி விலகலில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கு நியமமே மனிதன் மீது எடுத்த அளவாகும். ஹரிசன் தம் முறையை வகுத்த அதே 1911 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், மசாசூசெற்ஸ் மாநிலத்து வாட்டர்டவுண் இராணுவப் படைக்கலச் சாலையில், வார்ப்புத் தொழிலாளர் கடிகார அளவீட்டை எதிர்த்து வேலையைவிட்டு வெளியேறினர். காங்கிரஸ் விசாரணைக்குழு அமைந்தது. 1912 சனவரியில் டெயிலரே அதன்முன் சாட்சியமளித்தார். 1915 இல் இராணுவ நிதியொதுக்கீட்டுச் சட்டத்தின் மூலம் படைக்கலச் சாலைகளிற் கடிகார அளவீடு தடுக்கப்பட்டது. தனியார் தொழிற்சாலைகளை அத்தடை தொடவில்லை.

கணக்கியல் நூல்கள் ஹரிசனைக் குறிப்பிடுகின்றன. வாட்டர்டவுண் தொழிலாளரைத் தொழிலாளர் வரலாற்று நூல்களிலேதான் காணவேண்டியுள்ளது. இப்பிரிவினை எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. சிக்காகோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் றொபேட் ஹொக்சி 35 தொழிலகங்களை ஆராய்ந்து 1915 இல் வெளியிட்ட நூல் இரண்டையும் இணைக்கின்றது. வேலைக்குரிய நேரம் கடிகாரத்தினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று; எத்தொழிலாளியை அளப்பது, ஓய்வுக்கும் தடங்கலுக்கும் எவ்வளவு கூட்டுவது என்பன அளப்பவரின் மதிப்பீட்டையே சார்ந்துள்ளன என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.