ப. சுப்பராயனும் போர்க்கால இந்தியக் கிரிக்கெட் நிர்வாகமும்

குமாரமங்கலம் ஜமீன்தாரான ப. சுப்பராயன் (1889–1962) தமிழக வரலாற்றில் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக விளங்கியவர் என்ற நிலையிலேயே பேசப்படுகிறார். 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்திற்குத் தலைமையேற்றிருந்தமை அவரைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வரியைத் தாண்டுவது அரிது. அவருக்கு முன்னர் அப்பதவியில் இருந்தோர் டெல்லி வணிகரான கிராண்ட் கோவன், பஞ்சாபின் சிக்கந்தர் ஹயாத் கான், போபால் நவாப், நவநகரின் திக்விஜயசிங்ஜி ஆகியோர். தென்னிந்தியர் ஒருவர் அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை.

இம்மறதிக்குக் காரணம் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கிரிக்கெட் வரலாறு டெஸ்ட் போட்டிகளைக் கொண்டே காலத்தை அளக்கிறது. 1936க்கும் 1946க்கும் இடையில் இந்தியா ஒரு டெஸ்ட் போட்டியிலும் ஆடவில்லை. 1939–40இல் வரவேண்டியிருந்த எம்.சி.சி. அணியின் பயணம் போரால் கைவிடப்பட்டது. சுப்பராயனின் பதவிக்காலம் ஏறத்தாழ முழுவதும் இவ்வெற்றிடத்தினுள் அடங்கிவிடுகிறது.

ஆனால் அதனை வெற்றுக்காலம் எனக் கருதுவது பிழை. இங்கிலாந்தின் கவுண்டி போட்டிகளும் ஆஸ்திரேலியாவின் ஷெஃபீல்ட் ஷீல்டும் போரின்போது நின்றுபோயின. 1934இல் தொடங்கிய ரஞ்சி கோப்பையோ தடையின்றி நடைபெற்றது. 1944–45 இறுதியாட்டத்தில் பம்பாயும் ஹோல்கரும் சேர்ந்து 2,078 ஓட்டங்கள் குவித்தன. படைப்பணியில் இந்தியா வந்திருந்த டெனிஸ் காம்ப்டன் ஹோல்கர் அணிக்காக ஆட்டமிழக்காமல் 249 எடுத்தார்.

வாரியம் எதிர்கொண்ட உண்மையான சிக்கல் வேறு. மாகாண, சமஸ்தான அணிகளின் ரஞ்சி கோப்பையைவிட, பம்பாயின் ஜிம்கானாக்கள் சமய அடிப்படையில் நடத்திய ஐவர் போட்டியே பெருங்கூட்டத்தையும் நுழைவுக் கட்டண வருவாயையும் ஈர்த்தது. 1940 டிசம்பரில் காந்தியடிகள் அதனை வெளிப்படையாக எதிர்த்தார். எனினும் 1942இல் நடைபெறாமை நீங்கலாக, 1945–46 வரை அது தொடர்ந்தது. வாரியத்தின் அதிகாரம் ஜிம்கானாக்களின் வருவாய்க்கு முன் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை இது காட்டுகிறது. இங்கு ஒன்று கருதத்தக்கது: அரசுப் பணிகளில் வகுப்புரிமை செயல்வடிவம் பெற்றது சுப்பராயன் அமைச்சரவைக் காலத்தில்தான். வாய்ப்பு மறுக்கப்பட்டோர்க்குப் பங்கு அளிப்பதும், ஆடுகளத்தில் சமயங்களை எதிரெதிரே நிறுத்துவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை விளையாட்டு வரலாற்றாய்வு போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை.

1945இன் இறுதியில் ஆஸ்திரேலியப் படைவீரர் அணி இந்தியாவில் ஆடியது. 1946 கோடையில் மூத்த பட்டோடி நவாப் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்தில் மீண்டும் டெஸ்ட் ஆடியது. அவ்வாண்டே தலைமைப் பதவி அந்தோனி டி மெல்லோவிடம் சென்றது.

ஆவடி காங்கிரஸ் மாநாடு கூடிய 1954–55ஆம் பருவத்தில் சென்னை அணி முதன்முறையாக ரஞ்சி கோப்பையை வென்றது. சேப்பாக்கம் அரங்கு பின்னர் 1960களின் தொடக்கத்தில் வாரியத் தலைவராயிருந்த எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரைப் பெற்றது.