புகை எவ்வளவு உயரம் எழுகிறது? அனல்மின் நிலையங்களும் பழவேற்காடும்

காட்டுப்பள்ளி முதல் பழவேற்காடு வரையிலான மீனவ ஊர்களுக்குத் தெற்கே, வள்ளூரில் 1,500 மெகாவாட்டும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரு நிலைகளில் 1,830 மெகாவாட்டும் நிலக்கரியால் உற்பத்தியாகின்றன. 500 மெகாவாட் அல்லது அதற்கு மேற்பட்ட அலகுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. இவ்வுயரம் கந்தக டை ஆக்சைடில் ஒரு கிலோவைக்கூடக் குறைப்பதில்லை. அது விழும் இடத்தைத்தான் மாற்றுகிறது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியிலிருந்து விலக்களித்தபோது, ஒன்றிய அரசு வைத்த நிபந்தனையும் புகைபோக்கியின் உயரமே.

புகை உந்துவிசையால் வெளியேறினாலும், அதை மேலே தூக்குவது பெரும்பாலும் அதன் வெப்பம்தான். சுற்றுக்காற்றைக் கலந்துகொண்டே எழுவதால் அது குளிர்கிறது. காற்று அதை வளைக்கிறது. புகைபோக்கியின் உயரத்தோடு இவ்வெழுச்சியைக் கூட்டினால் கிடைப்பதே கணக்குக்குரிய உயரம். இதற்குப் பிரிக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் சூத்திரங்கள் இன்றும் பயன்படுகின்றன. சான்றாக, 7 மீட்டர் விட்டமுள்ள வாயிலிருந்து 130 பாகை செல்சியசில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் புகை வெளியேறுவதாகவும், வெளிவெப்பம் 30 பாகை எனவும் கொள்வோம். காற்று நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசினால் எழுச்சி ஏறத்தாழ 300 மீட்டர். 10 மீட்டரானால் 180 மட்டுமே.

கடற்கரையில் இக்கணக்கு எளிதில் பிழைபடும். பகலில் கடற்காற்றின் குளிர்ந்த அடுக்கில் புகை கலையாமல் நிலத்துக்குள் நகர்கிறது. சூடேறிய நிலத்தின் மேல் கலங்கும் அடுக்கோ உள்ளே போகப்போக உயர்கிறது. இரண்டும் சந்திக்குமிடத்தில், உயரே சென்ற புகை சட்டென்று தரைக்கு இறக்கப்படுகிறது. புகைபோக்கியின் அடியில் காற்று தூய்மையாக இருப்பதைக் காட்டி, தொலைவிலுள்ள ஊருக்குத் தீங்கில்லை என வாதிட முடியாது. தென்காற்று வீசும் நாள்களில் பழவேற்காடு புகையின் வழியில் அமைகிறது, வாடையில் எண்ணூர்.

உயரத்தை நாமே தோராயமாக மதிப்பிடலாம். காற்று நம் பார்வைக்குக் குறுக்காக வீசும்போது ஒளிப்படம் எடுத்து, 275 மீட்டர் புகைபோக்கியையே அளவுகோலாகக் கொள்ளலாம். புகை நம்மை நோக்கி வந்தாலோ விலகிச் சென்றாலோ இம்முறை ஏமாற்றும். பெரும் காட்டுத்தீப் புகையின் உயரத்தை, டெர்ரா செயற்கைக்கோளின் பல கோணப் படங்களிலிருந்து கணிக்கிறார்கள்.

ஏரியில் ‘பாடு’ உரிமை மறுக்கப்பட்ட பட்டியல் சாதியினரும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும் நாள் முழுதும் திறந்தவெளியில் நிற்பவர்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கைக்கு வந்தால், கணிப்புப் புள்ளிகளில் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளனவா, கடற்காற்றின் இறக்கம் கணக்கில் வந்ததா, எந்த மாதங்களின் காற்றுத் தரவு எடுக்கப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே பருவத்தின் மூன்று மாதத் தரவில், தென்காற்று வீசும் மாதங்கள் முழுவதுமே விடுபட்டிருக்கக்கூடும்.